கண்ணையே ஆராய்ந்த சர் சி.வி.ராமன்



பிப்ரவரி 28 வந்தால் தேசிய அறிவியல் நாள். ராமன் விளைவு, நோபல் பரிசு, ஒரு இரண்டு மதிப்பெண் வினா. அதோடு சரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் ராமன் வயசான காலத்தில் மனுஷக் கண்ணைப் பற்றியும் ஆராய்ச்சி செய்தார் என்று தெரிந்ததும், அவர் வாழ்க்கையை முழுசாகப் படித்தேன். அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

சந்திரசேகர வெங்கட ராமன் 1888 நவம்பர் 7-ஆம் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். அவருடைய அப்பா ஆசிரியர். பிறகு விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் ஆனார். ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயசு 14 தான். 1904-இல் பி.ஏ. தேர்வில் முதலிடம். 1906-இல், 18 வயசில், ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டன் அறிவியல் இதழில் வெளிவந்தது.

இங்கிலாந்து போய்ப் படிக்கலாம் என்றால், அந்தக் குளிர் உன் உடம்புக்கு ஒத்துக்காது என்று டாக்டர் தடுத்துவிட்டார். அதனால் போட்டித் தேர்வு எழுதி, 1907-இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆனார். கை நிறையச் சம்பளம். ஆனாலும் மனசு ஆராய்ச்சியிலேயே இருந்தது. பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்கு ஆபீஸ் போகும் முன்னும் போவார், ஆபீஸ் முடிந்த பின்னும் போவார். இப்படியே பல வருஷம்! 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தது. சம்பளம் குறைவுதான். ஆனாலும் அரசாங்க வேலையை விட்டுவிட்டுப் போனார்.

1921-இல் இங்கிலாந்து போய்விட்டுக் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து அசந்துபோனார். வானத்தின் நீலம்தான் தண்ணீரில் தெரிகிறது என்று அப்போது பெரிய விஞ்ஞானிகளே சொல்லி வந்தார்கள். ராமன் கையில் ஒரு சின்னப் படிகக் கருவி இருந்தது. அதன் வழியாகக் குறிப்பிட்ட கோணத்தில் பார்த்தால் தண்ணீரின் மேல் பளபளக்கும் எதிரொளிப்பு மறைந்துவிடும். அப்படிப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது. அப்படியானால் தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டுகொண்டார். நாம் கச்சிராயபாளையம் பக்கம் பஸ்ஸில் போகும்போது கல்வராயன் மலை தூரத்தில் நீலமாகத் தெரியுதே, அதுவும் இடையில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால்தான்.

அந்தக் கேள்வியை அவர் விடவே இல்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன் அவருடன் சேர்ந்து உழைத்தார். ஒரே நிற ஒளியைத் திரவத்தில் செலுத்தினால், சிதறி வருவதில் மிகச் சிறிய பகுதி மட்டும் நிறம் மாறி வருகிறது என்று 1928 பிப்ரவரி 28-இல் உறுதியானது. இதுதான் ராமன் விளைவு. 1930-இல் நோபல் பரிசு. அறிவியலுக்காக ஆசியாவில் முதன்முதலில் அதைப் பெற்றவர் நம்ம ராமன்தான்.

1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் ஆனார். 1948-இல் அங்கிருந்து ஓய்வு பெற்றதும் சும்மா உட்காரவில்லை. சொந்தமாக ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். 1954-இல் பாரத ரத்னா கிடைத்தது. அதற்குப் பிறகும் தோட்டத்துப் பூக்களை வைத்து நிறங்களை ஆராய்ந்தார். பூவிலிருந்து கண்ணுக்கு வந்தார். நிறக் கண்ணாடி வழியாக வெளிச்சமான திரையைப் பார்த்து, சட்டென்று கண்ணாடியை எடுத்துவிட்டு, தன் விழித்திரையின் தோற்றத்தைத் தானே பார்க்கும் ஒரு முறையைச் செய்து காட்டினார். 1968-இல், 80 வயசை நெருங்கும்போது, பார்வையைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் கண்ணில் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருப்பதால்தான் எல்லா நிறமும் தெரிகிறது என்பதை ராமன் ஏற்கவில்லை. அதில் அவர் சொன்னது சரியாக வரவில்லை. மூன்று வகை உண்டு என்று சோதனைகள் காட்டிவிட்டன. நோபல் பரிசு வாங்கியவரும் தப்பாகச் சொல்லலாம் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் 1970 நவம்பர் 21-இல் மறையும் வரை கேள்வி கேட்பதை அவர் நிறுத்தவில்லை.

இப்போது என் காரணம். அம்மா மிளகாய்ப் பழம் பறிச்சிட்டு வா என்றால் நான் காயையும் சேர்த்துப் பறித்து வருவேன். திட்டு விழும். ஒருமுறை படத்தில் இலைக்குப் பழுப்பு அடித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். கண் முகாமில் புள்ளிப் புத்தகத்தைக் காட்டிய பிறகுதான், எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது என்று தெரிந்தது. அந்தக் கூம்பு செல்களில் ஒரு வகை பிறவியிலேயே இல்லாமலோ மாறியோ இருப்பதுதான் காரணமாம். அணுக் கொள்கை தந்த ஜான் டால்டனுக்கும் இதே பார்வைதான். அவர் வெட்கப்படாமல் 1794-இலேயே அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். ராமனும் தன் நூலில் இந்தப் பார்வையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அதனால் நானும் இனி வெட்கப்படப் போவதில்லை. அடுத்த தடவை நான் தப்பான கலர் அடித்தால் சிரிக்காதீங்க. அது உங்களுக்கு எப்படித் தெரியுது என்று சொல்லுங்க. எனக்கு எப்படித் தெரியுது என்று நானும் சொல்கிறேன்.



– பத்தாம் வகுப்பு மாணவன், எலவனாசூர்கோட்டை