அன்னமும் எழுத்தும் அளித்த அம்மையார்

புதுக்கோட்டை தனியரசாக விளங்கிய காலத்தில், 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபினர். அந்த மணத்தை ஏற்காத சுற்றத்தார் தந்தையாரைத் தம்மிடமிருந்து விலக்கினர். பிறப்பைக் காட்டிக் கதவடைக்கும் வழக்கம் எத்தகையது என்பதை முத்துலட்சுமி தம் வீட்டிலேயே கண்டு வளர்ந்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் மன்னர் கல்லூரியில் சேர அவர் விழைந்தார். அங்கே அதுவரை பெண்கள் பயின்றதில்லை. ஆடவர் நடுவே ஒரு பெண் அமர்வதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாது இசைவு தந்தார், உதவித்தொகையும் வழங்கினார். அந்த ஓர் ஆணையும் அச்சிறு தொகையும் இல்லையெனில், அவருடைய கல்வி அவ்வூர் எல்லைக்குள்ளேயே நின்றிருக்கும்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் மருத்துவரானார். 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஏழைப் பெண்களின் கல்வியும் குழந்தைகளின் உடல்நலமும் அங்கே அவர் இடையறாது வற்புறுத்திய பொருள்களாம். தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுமியர்க்கு உதவித்தொகையும் இசுலாமியப் பெண்கட்கு விடுதியும் கிடைக்க அவர் முயற்சி துணைநின்றது.

கோயில்களுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிப்பதே அவர் மேற்கொண்ட பெரும் போராட்டம். அவ்வழக்கின் வேர் வயிற்றுப்பாட்டில் இருந்ததை அவர் அறிவார். கோயிற்பணிக்கு ஈடாக அப்பெண்கள் மானிய நிலத்தை அனுபவித்து வந்தனர். பணியை விட்டால் நிலமும் போய்விடும். 1929-இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் இந்தத் தளையை அறுத்தது; பணி செய்யாமலேயே நிலம் அவர்கட்கு உரிமையாகும் வழி பிறந்தது. பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது.

ஆயினும் சட்டம் ஒரு பெண்ணை விடுவிக்குமேயன்றி, அன்றிரவு அவளுக்குச் சோறிடாது. 1930-இல் அக்குலத்துச் சிறுமியர் சிலர் அம்மையாரிடம் அடைக்கலம் நாடி வந்தனர். சாதி பார்த்துச் சேர்க்கும் விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. அம்மையார் தம் இல்லத்திலேயே அவர்கட்கு இடம் தந்தார். அதுவே அவ்வை இல்லமாயிற்று. பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது. ஆதரவற்ற சிறுமியர் எக்குலத்தினராயினும் அங்கே ஒரே பந்தியில் உண்டனர். கல்வியும் கைத்தொழிலும் பயின்றனர். உணவு மட்டும் தந்தால் மறுநாளும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும். கல்வி மட்டும் தந்தால் பசித்த பிள்ளை பாதியிலே நின்றுவிடும். இரண்டையும் ஒரு கூரையின்கீழ் வைத்ததே அவர் கண்ட வழி.

அவ்வில்லத்திற்கு அவர் தேர்ந்த பெயரும் எண்ணத்தக்கது. வேந்தரிடம் பரிசில் பெற்றும் தலைதாழாத பெண்பாற் புலவரின் பெயர் அது. உதவி பெறுவோர் சிறுமைப்படலாகாது என்னும் கொள்கைக்கு அதனினும் ஏற்ற பெயர் தமிழில் அரிது.

1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. முப்பதாண்டுகள் கடந்தபின், 1954-இல், 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 1956-இல் பத்மபூசண் விருது பெற்ற அம்மையார், 1968 சூலை 22-ஆம் நாள் மறைந்தார். அவர் பிறந்த தனியரசு 1948-இல் இந்தியாவுடன் இணைந்து, 1974-இல் புதுக்கோட்டை மாவட்டமாயிற்று.

வறிய கருவுற்ற தாய்மார்க்குத் தமிழக அரசு வகுத்த மகப்பேறு நிதியுதவித் திட்டம் அம்மையாரின் பெயரைத் தாங்கியது. 2018-இல் அவ்வுதவி 18,000 ரூபாயாக உயர்ந்தது; அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வழங்கப்பட்டது. ஒரு மாணவிக்குப் புதுக்கோட்டை மன்னர் அளித்த உதவித்தொகை, இவ்வாறு பல்லாயிரம் தாய்மாரின் உணவாய் வளர்ந்தது.