எமில் வான் பெரிங்: பள்ளியில் நீங்கள் போட்ட ஊசிக்கு வழி காட்டியவர்

முதலாம் ஆண்டில் பள்ளிக்கு வந்த தாதியர் உங்களுக்குப் போட்ட ஊசி ஞாபகம் இருக்கா? தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா வராமல் காக்கும் ஊசிகளில் அதுவும் ஒன்று.

அதன் வரலாற்றில் முக்கியமானவர் எமில் வான் பெரிங். 1854-இல் பிரஷியாவில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். வீட்டில் நிறைய பிள்ளைகள், வசதி குறைவு. அதனால் ராணுவச் செலவில் படித்து ராணுவ மருத்துவரானார்.

அந்தக் காலத்தில் தொண்டையை அடைத்து ஏராளமான குழந்தைகளைக் கொன்ற நோய் இது. 1890-இல் பெர்லினில், ஜப்பானியரான கிட்டசாட்டோவுடன் சேர்ந்து பெரிங் ஒன்றைக் கண்டறிந்தார்: நோயெதிர்ப்பு பெற்ற விலங்கின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம், கிருமியின் நச்சை முறிக்கும். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் பெரிங்குக்குக் கிடைத்தது, கிட்டசாட்டோவுக்குக் கிடைக்கவில்லை.

ஆனா, சீரத்தின் பாதுகாப்பு சில வாரங்கள்தான். அதனால் 1913-இல் தடுப்பூசி ஒன்றை முன்வைத்தார். 1917-இல் இறந்தார். 1920-களில் பிரான்சின் காஸ்தோன் ரமோன் இன்றைய ஊசியை உருவாக்கினார்.

ஆனாலும் 2019 பிப்ரவரியில், ஜொகூர் பாருவில் தடுப்பூசி போடாத 2 வயதுக் குழந்தை இதே நோயால் இறந்தது.

இருமல், தும்மல் வழியாகப் பரவும் நோய் இது. வகுப்பறையில் பக்கத்தில் இருப்பவருக்கும், திடலில் சேர்ந்து விளையாடுபவருக்கும் எளிதில் தொற்றும். பள்ளி தரும் சம்மதப் படிவத்தைப் பையிலேயே வச்சிடாதீங்க. வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்குங்க.