மூடிய கல்லூரிக் கதவுகளும் புனித கேத்தரின் ட்ரெக்சலும்

மார்ச் 3ஆம் நாள் அமெரிக்கத் திருச்சபை புனித கேத்தரின் ட்ரெக்சலை நினைவுகூர்கிறது. நம் பங்குகளில் இவரது பெயர் அதிகம் ஒலிப்பதில்லை. அறிந்தவர்களும் பெரும் செல்வத்தைத் துறந்து ஏழைகளுக்கு உதவியவர் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். பணம் கொடுத்த செல்வர்கள் திருச்சபையில் பலர் உண்டு. கல்லூரிக் கதவுகள் அடைக்கப்பட்டிருந்த ஓர் இனத்திற்காக முழுமையான ஒரு பல்கலைக்கழகத்தையே எழுப்பியவர் இவர். அந்தப் பணியைச் சற்று நின்று பார்ப்பது நல்லது.

1858ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பிறந்தார் கேத்தரின். தந்தை பிரான்சிஸ் ட்ரெக்சல் புகழ்பெற்ற வங்கியாளர். குழந்தை பிறந்த ஐந்தாவது வாரத்தில் தாய் ஹன்னா இறந்துவிட்டார். தந்தை மறுமணம் செய்துகொண்ட எம்மா பூவியே, மாற்றாந்தாய் என்ற சொல்லுக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் பொருளுக்கு நேர்மாறானவர். வாரத்தில் சில நாள்கள் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து, தேடிவரும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வீட்டு வாடகைக்குப் பணமும் தருவார். மூன்று மகள்களும் உடனிருந்து உதவுவார்கள். செல்வம் நமக்குச் சொந்தம் அல்ல, நம் வழியாகப் பிறருக்குப் போகவேண்டியது என்ற பாடத்தைக் கேத்தரின் அந்த வீட்டு வாசலில்தான் கற்றார்.

1883இல் எம்மா புற்றுநோயால் இறந்தார். 1885இல் தந்தையும் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்து ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர். அதில் பத்தில் ஒரு பங்கு அறநிறுவனங்களுக்கு. மீதியின் வருமானம் மட்டும் மகள்களுக்கு. முதலில் அவர்கள் கைவைக்க முடியாது. மகள்கள் வாரிசின்றி இறந்தால், அந்த முதலும் தந்தை குறிப்பிட்ட அறநிறுவனங்களுக்கே போய்விடும். இந்த நிபந்தனையை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

1887 சனவரியில் உரோமையில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவைச் சந்தித்தார் கேத்தரின். அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடையே பணியாற்ற மறைப்பணியாளர்களை அனுப்பும்படி கேட்டார். நீயே ஏன் மறைப்பணியாளராகக் கூடாது என்ற பொருளில் திருத்தந்தை திருப்பிக் கேட்டுவிட்டார். இளம்பெண் கலங்கிப்போனார். ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1889இல் பிட்ஸ்பர்க் நகரில் இரக்கத்தின் சகோதரிகள் மடத்தில் நவதுறவியாகச் சேர்ந்தார். 1891 பிப்ரவரி 12ஆம் நாள் முதல் வார்த்தைப்பாடு கொடுத்து, பூர்வகுடி மக்களுக்கும் கறுப்பின மக்களுக்குமான தூய நற்கருணை சகோதரிகள் சபையைத் தொடங்கினார். பிலடெல்பியாவுக்கு அருகே தலைமை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டிய வேளையில், அந்த இடத்தின் பக்கத்தில் வெடிமருந்துக் குச்சி ஒன்று கண்டெடுக்கப்பட்டதாகச் சபை வரலாறு சொல்கிறது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. மனங்கள் மாறவில்லை.

1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரித்துவைப்பதைச் சட்டப்படி சரி என்று தீர்ப்பளித்தது. தென் மாநிலங்களில் தனிப் பள்ளி, தனி இரயில் பெட்டி, கோவிலிலும் தனி இருக்கை. கத்தோலிக்கக் கல்லூரிகள் மட்டும் விதிவிலக்காக இருந்தனவா என்றால், இல்லை. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமே தொடக்கத்தில் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, பிறகு கதவை அடைத்து, 1936இல்தான் மீண்டும் திறந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரிலோ தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்களான கறுப்பின மக்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகள் கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் படிக்கத் தென் மாநிலங்களில் இடமே இல்லை.

அந்நகரில் கறுப்பின மாணவர்களுக்கு என்று இயங்கிய சதர்ன் பல்கலைக்கழகம் 1914இல் பேட்டன் ரூஜ் அருகே இடம்மாற்றப்பட்டது. அக்கம்பக்கத்து வெள்ளையர்களின் எதிர்ப்பும் அதற்கு ஒரு காரணம். காலியாகக் கிடந்த அந்தக் கட்டடத்தைப் பேராயர் பிளெங்க் அழைப்பின்பேரில் கேத்தரின் 1915இல் வாங்கினார். முதலில் உயர்நிலைப் பள்ளி. 1917இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. 1925இல் கல்லூரி. 1927இல் மருந்தியல் கல்லூரி. இவ்வாறு வளர்ந்ததுதான் லூசியானா சவேரியார் பல்கலைக்கழகம். 1542இல் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த அதே சவேரியாரின் பெயர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

இந்த வரிசையில் ஆசிரியர் பயிற்சி முதலில் வந்ததைக் கவனிக்க வேண்டும். லூசியானாவின் கிராமப்புறங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி இல்லை. இருந்தாலும் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. கேத்தரின் சிற்றூர்களில் பள்ளிக்கூடங்களைக் கட்டினார். சவேரியார் கல்வி நிலையத்தில் படித்து முடித்த கறுப்பின இளைஞர்களையும் இளம்பெண்களையும் அங்கே ஆசிரியர்களாக அனுப்பினார். உதவி பெறவேண்டியவர்கள் என்று உலகம் கருதியவர்களே பாடம் நடத்தினார்கள். பல்கலைக்கழகத்திலும் வெள்ளையரும் கறுப்பினத்தவரும், துறவியரும் பொதுநிலையினரும் சேர்ந்தே கற்பித்தார்கள். மாணவர்கள் கத்தோலிக்கராக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

1932 அக்டோபரில் புதிய வளாகத்தைக் கர்தினால் டோகர்ட்டி புனிதப்படுத்தினார். பணம் முழுவதையும் தந்தவர் மேடையில் இல்லை. மாடிச் சன்னல் ஒன்றின் அருகே நின்று விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். தமக்கோ ஒரு பென்சிலைக் கையில் பிடிக்க முடியாத அளவு தேயும்வரை பயன்படுத்துவார். வருமானத்தில் பெரும்பகுதியை அறச்செயலுக்கே கொடுத்துவிடுபவர்களுக்கு வரிவிலக்கு தரும் 1924ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவை, இவரை மனத்தில் வைத்துப் பிலடெல்பியா கன்னியர் சலுகை என்றே அமெரிக்கர்கள் அழைத்தார்கள்!

புனிதர் என்பதால் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. கறுப்பின மக்களுக்காகவே தொடங்கப்பட்ட சபை, நீண்ட காலம் கறுப்பினப் பெண்களைத் தன் உறுப்பினர்களாகச் சேர்க்கவில்லை. பால்டிமோரில் 1829இலும் நியூ ஆர்லியன்சில் 1842இலும் கறுப்பினப் பெண்களே தொடங்கிய துறவற சபைகள் இருந்தன. அவற்றுக்கு வரவேண்டிய அழைத்தல்களைத் தாம் பறித்துவிடக் கூடாது என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணம். நல்லெண்ணம்தான். ஆனால் வகுப்பறையில் இடம் கொடுத்துவிட்டு உணவு மேசையில் இடம் கொடுக்காததுபோல் அது தோன்றாமலும் இல்லை. அவர் பொருளுதவி செய்த பூர்வகுடி விடுதிப் பள்ளிகளைப் பற்றியும் இன்று கடுமையான கேள்விகள் எழுகின்றன. அக்காலத்தில் அந்நாட்டில் நடந்த அத்தகைய பள்ளிகள் பல குழந்தைகளைத் தாய்மொழியிலிருந்தும் வீட்டிலிருந்தும் பிரித்தன. இவற்றையும் சேர்த்துத்தான் இவரது வாழ்வை நாம் படிக்க வேண்டும்.

1935இல் மாரடைப்பு அவரை முடக்கியது. 1937இல் தலைமைப் பொறுப்பை விட்டு, ஏறத்தாழ 18 ஆண்டுகள் நற்கருணைக்கு முன் செபத்தில் கழித்தார். சகோதரிகள் இருவரும் பிள்ளையின்றி முன்னரே இறந்துவிட்டனர். 1955 மார்ச் 3ஆம் நாள், தமது 96ஆம் வயதில் கேத்தரின் கண்மூடியபோது தந்தையின் நிபந்தனை செயலுக்கு வந்தது. உயில் எழுதப்பட்ட காலத்தில் தூய நற்கருணை சபையே கிடையாது. எனவே முதலில் ஒரு காசும் சபைக்குக் கிடைக்கவில்லை. வாழ்நாளில் ஏறத்தாழ 2 கோடி டாலரை அள்ளிக் கொடுத்தவரின் ஊற்று ஒரே நாளில் நின்றது. 60க்கும் மேற்பட்ட பள்ளிகளும் ஒரு பல்கலைக்கழகமும் இனி தாமாகவே நடந்தாக வேண்டும்.

நடந்தன. சவேரியாரில் படித்து 1952இல் பட்டம் பெற்ற நார்மன் பிரான்சிஸ் என்ற இளைஞர், அதே ஆண்டில் அந்நகரின் லயோலா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் இடம்பெற்றார்; அந்தக் கல்லூரி கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறந்தது அப்போதுதான். பின்னர் படித்த இடத்துக்கே பணியாற்றத் திரும்பினார். 1961இல் பேருந்துகளில் நிறப் பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்து அடிபட்டு வந்த இளைஞர்களுக்கு, யாரும் இடம் தர அஞ்சிய வேளையில், சவேரியார் மாணவர் விடுதியில் தங்க ஏற்பாடு செய்தவர் அவரே. 1968இல் சகோதரிகள் பல்கலைக்கழகத் தலைமையை அவரிடம் ஒப்படைத்தார்கள். துறவி அல்லாத முதல் தலைவர். கறுப்பினத்தவரான முதல் தலைவர். அவர் அப்பொறுப்பை ஏற்ற ஏப்ரல் 4ஆம் நாளில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கேத்தரினை 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் புனிதராக அறிவித்தார். 2005இல் கத்ரீனா புயலில் சவேரியார் வளாகம் வெள்ளத்தில் மூழ்கியது. 2006 சனவரியில் வகுப்புகள் மீண்டும் தொடங்கின. அப்போதும் நார்மன் பிரான்சிஸ்தான் தலைவர். 2015வரை, 47 ஆண்டுகள், அந்த நாற்காலியில் இருந்தார்.