வட திருநெல்வேலியில் விதைத்தவர்: ராக்லண்ட் ஐயர்

திருநெல்வேலித் திருச்சபையின் சரித்திரத்தை வாசிப்போர் ரேனியுஸ், சார்ஜண்ட், கால்டுவெல் முதலிய பெரியோரின் நாமங்களை எளிதில் நினைவுகூருவர். அவர்கள் நாட்களில் ஊர் ஊராய் ஜனங்கள் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவினர். ஆலயங்களும் பாடசாலைகளும் எழும்பின. அவ்வாறு எடுத்துக் காட்டத்தக்க பலன் ஏதும் பெரிதாய்க் காணாமலே உயிர் நீத்த ஒருவரும் அச்சரித்திரத்தில் உளர். அவரே தாமஸ் கஜேத்தான் ராக்லண்ட் ஐயர். பரீட்சையில் வாங்கும் இலக்கங்களைக் கொண்டே ஒருவனை மதிக்கப் பழகியிருக்கும் கலாசாலை மாணவராகிய நாம், அவருடைய ஜீவியத்தை ஆராய்ந்து அறிவது மிகவும் நன்று.

ராக்லண்ட் ஐயர் 1815-ஆம் ஆண்டில் ஜிப்ரால்டரிலே பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்து, லிவர்பூல் நகரத்தில் உறவினரால் வளர்க்கப்பட்டார். வாலிபப் பிராயத்தில் தம் உறவினரின் வியாபார நிலையத்திலே கணக்கு எழுதும் வேலையில் அமர்ந்தார். பின்னர் குருப்பட்டம் பெறும் விருப்பத்தால் அதை விட்டு நீங்கிக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியைச் சேர்ந்தார். 1841-ஆம் ஆண்டில் நடந்த கணிதப் பரீட்சையில் நான்காம் ராங்களராகத் தேறினார். அக்காலத்தில் அப்பரீட்சையில் முன்வரிசை பெறுவது இங்கிலாந்து முழுவதும் மெச்சத்தக்க கீர்த்தியாயிருந்தது. அவர் கல்லூரியும் அவரைத் தன் பெல்லோ ஆக்கிக்கொண்டது. புஸ்தகங்கள், நண்பர், கௌரவம், கவலையற்ற வருமானம் யாவும் அவருக்கு அங்கே கிடைத்தன. ஆயுள் முழுவதும் அங்கேயே அமைதியாய்க் கழித்திருந்தாலும் அவரைக் குறை கூறுவார் ஒருவரும் இரார்.

ஆயினும் அவருள்ளம் வேறொரு அழைப்பை உணர்ந்தது. சர்ச் மிஷனரி சங்கத்தார் சென்னையில் தங்கள் காரியங்களை நடத்தக் காரியதரிசி ஒருவரைத் தேடினர். ராக்லண்ட் அவ்வேலைக்கு இசைந்து 1846-இல் சென்னை வந்து சேர்ந்தார். கடிதங்களும் கணக்குகளும் நிறைந்த அலுவல் அது. கணிதத்தில் வல்லவரும் வியாபாரக் கணக்கில் பழகியவருமான அவருக்கு அது கடினமன்று. ஆனால் தென் ஜில்லாக்களைச் சுற்றிப் பார்த்தபோது அவர் கண்ட ஒரு காட்சி அவரை அமைதியாயிருக்க விடவில்லை.

அது யாதெனில், திருநெல்வேலி ஜில்லாவின் தென் பாகத்திலே, பனங்காடும் தேரிமணலும் பரந்த நாட்டிலே, மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம் போன்ற கிறிஸ்தவ ஊர்கள் மலிந்திருந்தன. வட பாகமோ அப்படியன்று. மேற்கே மலையடிவாரத்திலுள்ள வாசுதேவநல்லூர், ராயகிரி, சிவகிரி தொடங்கி, சங்கரன்கோவில் வழியாய்க் கிழக்கே கரிசற்காட்டுச் சிவகாசி வரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்களும் பேரூர்களும் கிடந்தன; அவற்றுள் கிறிஸ்தவச் சபைகள் மிக அரியவாயிருந்தன. பாளையக்காரர் ஆண்ட பழைய நாடு அது. இக்காலத்தில் அதன் ஒரு பகுதி தென்காசி மாவட்டத்திலும் மற்றொரு பகுதி விருதுநகர் மாவட்டத்திலும் அடங்கியிருக்கிறது. அவ்வூராருள் பெரும்பாலார் சுவிசேஷத்தை ஒருமுறையேனும் கேட்டிரார் என்பதை எண்ணி ராக்லண்ட் வருந்தினார்.

ஒரு மிஷனரி ஓர் ஊரில் பங்களாவும் பாடசாலையும் கட்டி அமர்ந்துவிட்டால், அங்குள்ள சபையின் வழக்குகளையும் வரவுசெலவையும் பார்ப்பதிலேயே அவர் காலம் கழிந்துபோகும்; அக்கம்பக்கத்து நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு அவர் போவது எப்படி? ஆகவே வீடில்லாமல் கூடாரத்தில் வசித்து, ஊர் ஊராய்ப் பெயர்ந்து சென்று, பிரசங்கிப்பதையே தொழிலாகக் கொள்ளும் சிலர் வேண்டுமென்று அவர் தீர்மானித்தார். 1853-இல் இங்கிலாந்தில் இருந்தபோது இந்த யோசனையைச் சங்கத்தாருக்கு எடுத்துரைத்தார். பிறரை அனுப்பும்படி கேட்டதோடு நில்லாமல் தாமே அவ்வேலைக்கு முன்வந்தார். காரியதரிசிப் பதவியை விட்டுக் கூடாரத்துக்குப் போவதை உலகத்தார் இறக்கமென்றே எண்ணுவர். அவரோ அப்படி எண்ணவில்லை.

கேம்பிரிட்ஜில் கற்ற இரண்டு வாலிபர் அவரோடு சேர்ந்தனர். ஒருவர், திருவாங்கூர் தேசத்துக் கோட்டயத்தில் முன்னாளில் ஊழியஞ்செய்த ஜோசப் பென் ஐயரின் புதல்வர் டேவிட் பென். மற்றவர் ராபர்ட் மெடோஸ். 1854-இல் வேலை ஆரம்பமாயிற்று. தெற்கேயுள்ள தமிழ்ச் சபைகளும் இதில் பங்குபெற்றன. அச்சபையார் தங்கள் உபதேசியார்களை முறை வைத்து ஒவ்வொரு மாதமாய் வடக்கே அனுப்பி, அவர்கள் செலவைத் தங்கள் காணிக்கையால் தாங்கினர். இது கவனிக்கத்தக்கது. அந்நிய தேசத்தாரால் நற்செய்தி பெற்ற ஏழைச் சபைகள், தாங்களும் பிறருக்குக் கடன்பட்டவர்கள் என்று உணர்ந்த காலம் அது. வடக்கே செய்யப்பட்ட வேலை வெள்ளைக்காரர் மூவருடைய வேலை மாத்திரமன்று. பெயர் எழுதப்படாத பல தமிழ் உபதேசியார்களுடைய வேலையுமாகும்.

அவர்களுடைய அன்றாட நடை எளியது. ஒரு தோப்பிலே கூடாரம் அடிப்பர். காலையிலும் மாலையிலும் சிறு சிறு கூட்டமாய்ச் சுற்றிலுமுள்ள ஊர்களுக்கு நடந்து போய், சாவடியிலும் மரத்தடியிலும் ஜனங்களோடு பேசுவர். உச்சிவெயிலில் கூடாரத்துக்குத் திரும்பி வேதவாசிப்பிலும் ஜெபத்திலும் தரித்திருப்பர். அக்கம்பக்கத்து ஊர்கள் முடிந்தபின் கூடாரத்தைப் பெயர்த்து அப்பாற் செல்வர். இப்படி அந்நாடு முழுவதையும் மீண்டும் மீண்டும் சுற்றி வந்தனர். கோடையில் கரிசல் நிலம் அனலாய்க் கொதிக்கும். மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சு வரையில் புதையும். கேட்டவர்களுள் மரியாதையாய்ச் செவிகொடுத்தவர் சிலர். நகைத்து அகன்றவர் பலர்.

ஆண்டு நான்கு சென்றன. பலன் யாது? ஞானஸ்நானம் பெற்றோர் தொகை மிகச் சிறிதே. தெற்கே ஒரே ஆண்டில் ஓர் ஊர் முழுவதும் மனந்திரும்பின செய்திகளோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இது தோல்வியென்றே தோன்றும். கணக்கில் தேர்ந்த ராக்லண்டுக்கு இந்தக் கணக்கு விளங்காமற் போகவில்லை. ஆனாலும் அவர் முறையை மாற்றவுமில்லை. தொகையைக் கூட்டிக் காட்டவுமில்லை. கோதுமை மணியானது நிலத்தில் விழுந்து சாகும்போதே மிகுந்த பலன் கொடுக்கும் என்று கிறிஸ்துநாதர் போதித்ததையே ஊழியத்தின் நிச்சயமான வழியென்று அவர் நம்பியிருந்தார். வீண்பெருமையையும் தன்னலத்தையும் உள்ளத்தினின்று களைவதே ஊழியனுடைய முதல் வேலையென்பது அவர் துணிபு.

சரீரமோ வரவரத் தளர்ந்தது. 1858-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியிலே, நுரையீரலின் இரத்தக்குழாய் வெடித்துத் திடீரென இரத்தம் பெருகியதால், சிறிது நேரத்துக்குள் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 43. தாம் சுற்றித்திரிந்த நாட்டின் மண்ணிலேயே அவர் அடக்கம் பண்ணப்பட்டார்.

அவருக்குப் பின்பும் வேலை நிற்கவில்லை. தோழரும் உபதேசியார்களும் அதைத் தொடர்ந்து நடத்தினர். சிவகாசிக்கு அருகே சாட்சியாபுரம் என்னும் மிஷன் ஸ்தலம் எழும்பிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல வடக்கேயும் சபைகள் தோன்றின. ராக்லண்ட் அவற்றுள் ஒன்றையேனும் முதிர்ந்த நிலையில் கண்டவரல்லர். டோனாவூரில் ஊழியஞ்செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1922-இல் அவர் சரித்திரத்தை எழுதி வெளியிட்டு, மறக்கப்படவிருந்த அப்பெயரை மீண்டும் விளங்கச் செய்தார்.

இச்சரித்திரத்தினால் நாம் அறிவது என்ன? பின்னாளில் சபைகள் உண்டானபடியால் ராக்லண்ட் செய்தது சரியென்று கூறுவது எளிது. ஒருவேளை அவை உண்டாகாமலே போயிருந்தால், அவர் செய்தது தவறாகுமோ? ஆகாது. விசுவாசி தன் எஜமானுக்கு உண்மையாயிருக்கக் கடமைப்பட்டவன். விளைச்சல் அவன் கையிலில்லை. ஆனால் இதனைச் சோம்பலுக்குச் சாக்காகக் கொள்ளலாகாது. பலன் காணவில்லையென்று சொல்லும் உரிமை, கூடாரத்தைப் பெயர்த்துப் பெயர்த்து ஓர் ஊரையும் விடாமல் நடந்தவனுக்கே உண்டு. ஒன்றும் விதையாதவன் கோதுமை மணியைப் பற்றிப் பேசத் தகான்.

நம்முள் சிலர் நாளை ஆசிரியராவர், சிலர் வைத்தியராவர், சிலர் அலுவலகங்களில் அமர்வர். பிறர் காணும்படியான பயன் சிலருக்கே வாய்க்கும். காணாதவர் மனந்தளர வேண்டுவதில்லை. தென்காசியிலிருந்து வடக்கே ராயகிரி, சிவகிரி வழியாய்ப் பயணஞ்செய்யும் மாணவர், சாலையின் இருமருங்கிலுமுள்ள ஊர்களைப் பார்க்கும்போது, நான்காம் ராங்களராகிய ஒருவர் அந்நாட்டுக்காகத் தம்மைக் கொடுத்ததைச் சற்றே நினைப்பாராக. நினைத்தபின், தமக்கு நியமிக்கப்பட்ட நிலம் எதுவென்று கடவுள் சந்நிதியில் கேட்பாராக.