இருநூற்றுப் பத்து பிராங்க் சூரியன்

ஒரு பொருளின் விலையை ஏலம் ஒரே நாளில் சொல்லிவிடும். அதன் மதிப்பைச் சொல்லக் காலம் எடுத்துக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைக் கலைஞன் எப்படிக் கடக்கிறான் என்பதே கேள்வி. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேயின் வாழ்க்கை அதற்கு விடை கூறுகிறது.

1840-இல் பாரிஸில் பிறந்த மோனே, லே ஆவ்ர் என்னும் துறைமுக நகரில் வளர்ந்தார். பதின்பருவத்தில் கேலிச்சித்திரங்கள் விற்றுக்கொண்டிருந்த அவரைத் திறந்தவெளிக்கு அழைத்துச் சென்று, கடலையும் வானத்தையும் கண்ணால் கண்டவாறே தீட்டப் பழக்கியவர், மூத்த ஓவியர் யூஜின் பூதேன்.

அதே துறைமுகத்தை விடுதி சன்னலிலிருந்து கண்டு தீட்டிய ஓவியத்தில் மோனே 1872 என ஆண்டு குறித்தார். மூடுபனியில் கரைந்த பாய்மரங்கள், நிழலுருவாகத் தெரியும் சிறு படகுகள், செந்நிறச் சூரியன். நீரில் அதன் பிரதிபலிப்பைச் சில செம்மஞ்சள் தீற்றல்களே காட்டிவிடுகின்றன. அலையும் நீர் கணமும் நிற்பதில்லை. எனவே தூரிகையும் விரைந்தது. கோடுகளை இழைத்துச் சீராக்கியிருந்தால் நீரின் அசைவு உறைந்துபோயிருக்கும். இன்னொரு நுட்பம்: சூரியன் சூழ்ந்துள்ள வானத்தைவிடப் பிரகாசமாகத் தீட்டப்படவில்லை. கறுப்பு வெள்ளைப் படமாக்கினால் அது ஏறக்குறைய மறைந்துவிடும்.

1874-இல் பாரிஸ் கண்காட்சியில் இடம்பெற்றபோது, 'மனப்பதிவு, சூரிய உதயம்' என்ற தலைப்பைப் பிடித்துக்கொண்டு விமர்சகர் லூயி லெரோய் எள்ளி நகையாடினார். அந்த ஏளனச் சொல்லே 'இம்ப்ரெஷனிசம்' என ஓர் இயக்கத்தின் பெயராக நிலைத்தது. அவ்வாண்டே எர்னஸ்ட் ஓஷ்தே என்ற வணிகர் 800 பிராங்குக்கு அதை வாங்கினார். அவர் நொடித்துப்போக, 1878-இல் நடந்த ஏலத்தில் 210 பிராங்குக்கே விலைபோனது. மறு ஆண்டு மோனேயின் மனைவி கமீல், இரு மகன்களை விட்டு 32 வயதில் மறைந்தார்.

அந்த இருண்ட ஆண்டுகளில் மோனேயைத் தாங்கியவர்கள் சிலரே. ஏலத்தில் ஓவியத்தை வாங்கிய மருத்துவர் ஜார்ஜ் தெ பெல்லியோ அவர்களுள் ஒருவர். மற்றொருவர், தாமே கடனில் தத்தளித்தும் மோனேயின் படைப்புகளை வாங்கிய கலை வணிகர் போல் துரான் ரூயல். 1886-இல் அவர் நியூயார்க்கில் நடத்திய கண்காட்சிக்குப் பிறகு நிலைமை மாறியது. 1890-இல் மோனே ஜிவெர்னியில் சொந்த வீடு வாங்கினார். அங்கே அமைத்த அல்லிக் குளத்தை, கண்புரையால் பார்வை மங்கியபோதும், 1926-இல் மறையும்வரை தீட்டினார்.

பெல்லியோவின் மகள் அந்தச் சூரிய உதயத்தை 1940-இல் பாரிஸின் மார்மொத்தான் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்தார். இன்று அதைக் காண உலகமே வருகிறது. 210 பிராங்க் என்பது அன்றைய ஏலக் கூடத்தில் இருந்தவர்களின் பார்வைக்கு இருந்த எல்லை. சந்தைக்குக் கண் திறக்கும்வரை கலைஞன் உயிரோடிருக்க, பொறுமையுள்ள சிலரேனும் ஒரு சமூகத்தில் இருந்தாக வேண்டும்.