பனி நாட்டில் பறந்த வாத்தியார்

அமெரிக்காவின் வட கோடியில் இருக்கும் பனி நாடு அலாஸ்கா. அங்கே பேர்பாங்க்ஸ் என்று ஓர் ஊர். மக்கிராத் என்று இன்னோர் ஊர். இடையே ஏறக்குறைய 300 மைல்.

குளிர்காலத்தில் தபாலைச் சுமந்து சென்றவை, நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகள். ஒரு கடிதம் போய்ச் சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அந்தத் தூரத்தை ஒருவர் 3 மணி நேரத்துக்குள் கடந்து காட்டினார். அவர்தான் கார்ல் பென் ஐல்சன்.

மளிகைக் கடைக்காரர் மகன்

ஐல்சன் 1897-ம் ஆண்டு அமெரிக்காவில் ஹாட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கடை வைத்திருந்தார். மகனை வக்கீல் ஆக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ விமானத்தின் மீது ஆசை! முதல் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றார்.

1922-ல் பேர்பாங்க்ஸ் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனார். ஊர்ப் பெரியவர்கள் சிலர் பணம் போட்டு ஒரு பழைய விமானம் வாங்கினார்கள். வாத்தியார் விமானி ஆனார்.

இருட்டில் இறங்கினார்

1924 பிப்ரவரி 21. தபால் மூட்டைகளுடன் மக்கிராத்துக்குப் பறந்தார். போன வேலை முடிந்தது. திரும்பும்போது இருட்டிவிட்டது. வழியும் தப்பியது. பேர்பாங்க்ஸ் மக்கள் தீ மூட்டி அவருக்கு அடையாளம் காட்டினார்கள். இறங்கும்போது விமானம் சேதமடைந்தது. அவர் உயிர் தப்பினார்.

1927-ல் வில்கின்ஸ் என்ற ஆராய்ச்சியாளருடன் வடகடல் மீது பறந்தார். விமானம் பழுதாகிப் பனிக்கட்டி மீது இறங்கியது. இருவரும் பல நாள் நடந்தே கரை சேர்ந்தார்கள். குளிரில் விறைத்துப் போன ஒரு விரலை ஐல்சன் இழந்தார்.

உலகம் வியந்தது

அப்படியும் அவர் அஞ்சவில்லை. மறு ஆண்டே, 1928 ஏப்ரல் 15-ந் தேதி, அலாஸ்காவில் உள்ள பாரோ முனையில் இருந்து வில்கின்சுடன் கிளம்பினார். போக வேண்டிய இடம் நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு. தூரம் 2,200 மைல்! வழியெல்லாம் பனிக்கடல்.

20 மணி நேரத்துக்கு மேல் பறந்ததும் புயல் வந்து மோதியது. ஆள் இல்லாத சிறு தீவில் இறங்கினார்கள். 5 நாள் விமானத்துக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார்கள்.

புயல் ஓய்ந்தது. விமானமோ பனியில் சிக்கி நகரவில்லை. வில்கின்ஸ் இறங்கித் தள்ளினார். விமானம் எழும்பிவிட்டது, அவர் கீழேயே நின்றுவிட்டார்! ஐல்சன் திரும்பி வந்து இறங்கினார். மறுபடியும் அதே கதி. பெட்ரோல் தீர்ந்துகொண்டே வந்தது. ஆனாலும் நண்பரை விட்டுப் போக ஐல்சனுக்கு மனம் இல்லை. மூன்றாவது முறை இருவரும் சேர்ந்தே பறந்தார்கள். கிரீன் ஹார்பர் என்ற சிற்றூரை அடைந்தார்கள்.

கடைசிப் பயணம்

1929-ல் சைபீரியாக் கரை அருகே ஒரு கப்பல் பனிக்கட்டியில் சிக்கியது. அதில் இருந்த ஆட்களையும் விலை உயர்ந்த தோல்களையும் கொண்டுவரும் வேலையை ஐல்சன் ஏற்றார். முதல் பயணம் நன்றாக முடிந்தது. நவம்பர் 9-ந் தேதி மெக்கானிக் போர்லண்டுடன் மறுபடியும் கிளம்பினார். கப்பலில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். விமானம் வரவில்லை.

பல நாட்டு விமானிகள் தேடினார்கள். 77 நாள் கழித்து, பனியில் நீட்டிக்கொண்டிருந்த இறக்கை ஒன்று கண்ணில் பட்டது. பிறகு இருவர் உடல்களும் கிடைத்தன. அப்போது ஐல்சனுக்கு வயது 32.

மகன் உயிருடன் வருவான் என்று காத்திருந்த தந்தை, அவர் உடலை ஹாட்டனுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்.

பேர்பாங்க்ஸ் அருகே உள்ள பெரிய ராணுவ விமானத் தளத்துக்கு ஐல்சன் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.