கேலிச்சித்திரம் வளர்த்த பாரதியார்

நம் விருதுநகர் மாவட்டத்தை அடுத்துள்ள எட்டயபுரத்தில் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றியவர் சுப்பிரமணிய பாரதியார். அவரைக் கவிஞராக அறியாதார் தமிழகத்தில் இலர். ஆயின், தமிழ் இதழுலகில் அரசியல் கேலிச்சித்திரத்திற்கு வழிவகுத்த ஆசிரியராக அவரை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அப்பணியையும் அதற்காகக் கொடுக்கப்பட்ட விலையையும் நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையிலேயே தாயையும், 1898இல் தந்தையையும் இழந்த பாரதியார் காசியில் கல்வி பயின்றார். பின்னர் எட்டயபுரம் அரண்மனையில் சிறிது காலம் பணிபுரிந்தார். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக விளங்கினார். அவ்வாண்டின் இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைச் சுதேசமித்திரனில் உதவியாசிரியராக அமர்த்தினார். அங்கு அவர் பெற்ற இதழியற் பயிற்சி 1906 மே மாதம் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் முழுமை எய்திற்று.

நூற்றுக்குப் பத்துப்பேர்கூட எழுத்தறியாத காலம் அது. தலையங்கத்தைப் படிக்க இயலாதவரும் படத்தைக் கண்டு பொருளுணர்வர் என்பதைப் பாரதியார் நன்கு உணர்ந்திருந்தார். ‘இந்தியா’வின் படங்களில் மார்லியும் மிண்டோவும் நகைப்புக்கு ஆளாயினர். மிதவாதிகளும் தப்பவில்லை. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் முயற்சி படத்திலும் போற்றப்பட்டது. படத்தோடு அதன் பொருளை விரிக்கும் விளக்கமும் இடம்பெற்றது.

நகைப்பை அரசு பொறுக்கவில்லை. 1908இல் ‘இந்தியா’வின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்த சீனிவாசன் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நண்பர்களின் வற்புறுத்தலால் பாரதியார் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுவை சென்றார். எழுதியவர் எல்லை கடக்க, பெயர் கொடுத்தவர் சிறை புகுந்தார். பாரதியாரைப் போற்றும் நாம் சீனிவாசனை மறத்தல் அறமாகாது.

இதற்கு நிகரான வரலாறு ஒன்று எகிப்திலும் உண்டு. யாக்கூப் சனூ என்பார் 1877இல் கெய்ரோவில் ‘அபூ நத்தாரா’ என்னும் அரபு நகைச்சுவை இதழைத் தொடங்கினார். மன்னர் இஸ்மாயிலை எள்ளியமையால் அடுத்த ஆண்டே நாடு நீங்கிப் பாரிசு சென்றார். அங்கிருந்து அவர் வெளியிட்ட படங்கள் மறைவாக எகிப்துக்குள் நுழைந்தன. ஒருவரையொருவர் அறியாத இருவருக்கும் பிரெஞ்சு மண்ணே புகலிடம் ஆயிற்று.

புதுவையிலிருந்து வெளிவந்த ‘இந்தியா’வுக்குப் பிரிட்டிஷ் இந்தியாவில் தடை விதிக்கப்பட்டது. வாசகரைச் சேர இயலாத இதழ் 1910 மார்ச்சில் நின்றது. படங்களுக்கெனவே ‘சித்திராவளி’ என்னும் இதழை நடத்தவும் பாரதியார் எண்ணியிருந்தார், அது கைகூடவில்லை. எனினும் அவருடைய அங்கதம் அடங்கவில்லை. ‘சின்னச் சங்கரன் கதை’யில் சமீன் அவையையும், அங்குப் புகழ்பாடிப் பிழைத்த புலமையையும், தம் இளமையையுமே அவர் நகையாடினார். அக்கதை நமக்கு முழுமையாகக் கிட்டவில்லை.

1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறியபோது கைதாகி, 24 நாள்களுக்குப்பின் விடுதலை பெற்றார். கடையத்தில் வாழ்ந்து, 1920இல் மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921 செப்டம்பரில், நாற்பது அகவை நிரம்புமுன்னரே, திருவல்லிக்கேணியில் மறைந்தார். ‘இந்தியா’வின் கருத்துப்படங்களை 1994இல் ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து நூலாக்கினார். அதன்பின்னரே அப்படங்கள் பலருக்கும் காணக் கிடைத்தன.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தில் கவிஞர் பலர் உளர். வாழ்த்துப்பா எழுதுதல் எளிது. வலியோரைக் கண்டு நகைத்தல் அரிது. தம்மையே கண்டு நகைத்தல் அதனினும் அரிது. பாரதியார் அரியவை இரண்டையும் செய்தார். அவர் விழாவைக் கொண்டாடும் நாம் அவற்றுள் ஒன்றையேனும் கைக்கொள்வோமாக.